கூரையும் கொள்ளியும்: பின்லாந்துக் காடுகளின் இலவசத் தங்கிடங்கள்

பின்லாந்து என்னும் பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழுவன ஏரிகளும் காடுகளும் பனியுமே. அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்காற்பங்கு காடு. மக்கள்தொகையோ ஐம்பத்தாறு இலட்சத்தளவே. வடபகுதியாகிய லாப்லாந்தில், ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் ஒரு வீட்டைக் காணாதிருத்தல் இயல்பு. குளிர்காலத்தில் அங்கே ஞாயிறு பல வாரங்கள் தொடுவானத்துக்கு மேலே எழுவதில்லை. 1999ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் கித்திலா வட்டாரத்துப் பொக்கா என்னும் ஊரில் குளிர்நிலை பூச்சியத்துக்குக் கீழே 51.5 பாகை செல்சியஸ் எனப் பதிவாயிற்று. இத்தகைய நாட்டில் வழிச்செல்வோன் ஒருவனுக்கு அந்திப்பொழுதில் எழும் வினா ஒன்றே: இன்றிரவு எங்கே தங்குவது?

இவ்வினாவுக்கு அந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கண்ட விடை, காட்டு வழிகளின் ஓரத்தில் இன்றும் நிற்கிறது. பூட்டில்லை, காவலாள் இல்லை, வாடகை இல்லை. வருவோர் எவராயினும் நுழையலாம், நெருப்பு மூட்டலாம், உறங்கலாம், விடிந்ததும் எழுந்து செல்லலாம். இக்காலத்தில் மலையேறுவோரும் நெடுநடை செல்வோரும் மகிழ்ந்து பயன்படுத்தும் இத்தங்கிடங்கள் எவ்வாறு தோன்றின, யாருக்காகத் தோன்றின, எந்த ஒழுங்கினால் இன்றளவும் நிலைத்திருக்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இவற்றுள் மிக எளியதும் மிகப் பழையதுமானது 'லாவு' எனப்படும். வீட்டுச் சுவரைச் சார்த்திப் பத்தி இறக்குகிறோம் அல்லவா? அந்தப் பத்தியைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டின் நடுவே தனியே நிறுத்தினால் எப்படியிருக்கும்? அதுவே லாவு. முன்புறம் உயர்ந்து பின்புறம் நிலத்தை நோக்கிச் சரியும் ஒற்றைக் கூரை. இரு பக்கமும் அடைப்பு. முன்பக்கம் முழுவதும் திறப்பு. திறந்த பக்கத்துக்கு எதிரே, சில அடி தூரத்தில் நெருப்பு. வடபுலத்துச் சாமி மக்களின் கூம்புக் கூடாரத்துக்கும் 'லாவ்வு' என்றே பெயர். பெயர்கள் ஒலியால் நெருங்கியவை, வடிவங்கள் வேறானவை. சாமியரின் கூடாரம் சுற்றிலும் மூடியது. நெருப்பு அதன் நடுவே எரியும். பின்னியரின் லாவுவிலோ நெருப்பு வெளியே எரிய, மனிதர் உள்ளே படுப்பர்.

முன்புறம் திறந்த கொட்டில் குளிரை எவ்வாறு தடுக்கும் என்று நேயர்கள் வினவலாம். லாவுவின் நுட்பம் அதன் சரிவிலேயே உள்ளது. எரியும் நெருப்பின் வெப்பம் நேராக உள்ளே பாய்கிறது. பாய்ந்த வெப்பத்தைச் சரிந்த கூரை தடுத்துக் கீழே படுத்திருப்போர்மீது திருப்பி விடுகிறது. காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி அமைப்பதால் வாடையும் நேரே தாக்குவதில்லை. பண்டைநாளில் இரண்டு மரங்களுக்கிடையே ஒரு கழியைக் குறுக்கே கட்டி, அதன்மேல் வேறு கழிகளைச் சாய்த்து, ஸ்புரூஸ் மரத்தின் ஊசியிலைக் கிளைகளை ஓடு வேய்வதுபோல் வரிசை வரிசையாக அடுக்குவர். கிளை நுனிகள் கீழ்நோக்கி இருக்கும். மழைநீர் அவற்றின் வழியே வழிந்தோடும். தரையிலும் அதே கிளைகளைத் தடிப்பாகப் பரப்புவர். உறைந்த நிலத்தின் குளிர், படுத்திருப்பவனின் உடற்சூட்டை உறிஞ்சாமல் அப்படுக்கை காத்தது.

கூரைக்கு ஏற்ற நெருப்பும் வேண்டும். சுள்ளி குவித்து மூட்டும் நெருப்பு அரைமணியில் அடங்கிவிடும். இரவில் பலமுறை எழுந்து விறகிட வேண்டிவரும். இதற்கு மாற்றாகப் பின்னியர் கண்டது 'ராக்கோவல்க்கேயா' என்னும் இரட்டைக் கட்டை நெருப்பாகும். ஆள் நீளத்துக்கும் மேலான உலர்ந்த பைன் மரத்துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவற்றின் இடையே சிறு இடைவெளி விட்டு, அவ்விடைவெளியில் தீ மூட்டுவர். இரண்டு கட்டைகளும் ஒன்றின் சூட்டை மற்றொன்று வாங்கி, மெதுவாக, நீளவாக்கில், இரவு முழுதும் கனன்றுகொண்டிருக்கும். படுப்பவனின் தலைமுதல் கால்வரை ஒரே அளவான வெப்பம் கிடைக்கும். நின்றபடியே பட்டு, பல ஆண்டுகள் காய்ந்து சாம்பல் நிறமேறிய பைன் மரமே இதற்குச் சிறந்தது. நல்ல கட்டையும் கோடரியும் வாய்த்தவனுக்கு நடுக்காட்டிலும் ஓர் இரவு உண்டு. அவை இல்லாதவனுக்கு விடியல் உறுதியில்லை.

இத்தகைய தங்கிடங்களை முதன்முதல் அமைத்தோர் இன்பச் செலவு மேற்கொண்டவர் அல்லர். இடைக்காலத்தில் பின்லாந்தின் தென்மேற்கிலும் ஹாமே போன்ற உள்நாட்டுப் பகுதிகளிலும் உழவூர்கள் இருந்தன. ஊரைச் சூழ்ந்த வயல் மட்டும் குடும்பத்தைப் புரக்கப் போதவில்லை. ஆகவே ஊரார் ஆண்டுதோறும் பல நாள் தூரம் பயணஞ்செய்து, தமக்கென வழிவழி உரித்தான வேட்டைக் காடுகளுக்குச் சென்றனர். மென்மயிர்த் தோலுக்காக அணிலும் நீர்நாயும் பிடித்தனர். உணவுக்காக மீன் பிடித்து உலர்த்தினர். மென்மயிர்த் தோல் அக்காலத்தில் வரியாகவும் வணிகப் பண்டமாகவும் விளங்கியது. வாரக்கணக்கில் காட்டிலே திரிந்த இவ்வேடருக்கு லாவுவும் சிறு மரக்குடிலும் வீட்டுக்கு வீடாயின. ஓர் ஆண்டு கட்டிய குடில் மறு ஆண்டும் பயன்படும். இடையில் வேறொருவன் வந்து ஒதுங்கினால் அவனைத் தடுக்க அங்கே எவரும் இல்லை.

பின்லாந்து அந்நாளில் சுவீடன் அரசின் ஆட்சியில் இருந்தது. 1542ஆம் ஆண்டில் கஸ்தாவ் வாசா மன்னன், குடியேற்றமில்லாத நிலங்கள் யாவும் கடவுளுக்கும் மன்னனுக்கும் சுவீடன் முடிக்கும் உரியன என்று அறிவித்தான். குடியேற்றம் உள்நாட்டுக்குப் பரவப் பரவ, பழைய வேட்டைக்காட்டு முறை படிப்படியாக மறைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய பெரும் நிலப்பகிர்வின்போது ஊர்ப் பொதுக்காடுகள் பண்ணைகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. மிகுதியானது முடிக்குச் சேர்ந்தது. கிழக்கிலும் வடக்கிலும் இன்று பரந்து கிடக்கும் அரச காடுகளின் தோற்றம் இதுவே. 1809இல் நாடு ருஷ்யப் பேரரசின் கீழ் ஒரு பெருங்கோமகவு நாடாயிற்று. அதன் பின்னர் 1859ஆம் ஆண்டில், அரச காடுகளைப் பேணும் பொருட்டு 'மெத்ஸாஹல்லித்துஸ்' என்னும் வனநிருவாகம் நிறுவப்பட்டது. இப்பெயரை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னே இது மீண்டும் வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டின் பயன் மாறியது. 1857இல் நீராவி மரவாலைகளுக்கு அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவின் பெருநகரங்கள் மரத்துக்காக அலைந்தன. ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர் குளிர்காலத்தில் காட்டுக்குட் சென்று மரம் வெட்டினர். இளவேனிலில் பனி உருகி ஆறுகள் பெருகும்போது, வெட்டிய மரங்களை வெள்ளத்தோடு மிதக்கவிட்டுக் கடற்கரையிலிருந்த ஆலைகளுக்கு ஓட்டிச் சென்றனர். மரம் ஓட்டுவோர் ஆற்றோடு ஆறாக இடம்பெயர்ந்துகொண்டே இருந்தமையால் அவர்களுக்கு நிலையான உறைவிடம் இல்லை. இடுப்பளவு நனைந்த ஆடையை நெருப்பின் முன் உலர்த்தி, லாவுவின் கீழே சில மணிநேரம் கண்ணயர்ந்து, மீண்டும் ஆற்றில் இறங்குவதே அவர் வாழ்வாயிற்று.

வெட்டுவோரின் நிலையும் மேலானதன்று. நெரிசலும் புகையும் ஈரமும் நிறைந்த வாடிகளில் அவர் குளிர்காலத்தைக் கழித்தனர். இந்நிலை குறித்து எழுந்த கவலையின் பயனாக, 1928ஆம் ஆண்டில், காட்டுத் தொழிலாளருக்கும் மரம் ஓட்டுவோருக்கும் தகுந்த உறைவிடம் அமைத்துக் கொடுத்தல் வேலை கொடுப்போரின் கடமை என்று சட்டம் பிறந்தது. இன்றைய நெடுநடைப் பாதைகள் சிலவற்றில் பயணிகள் விரும்பித் தங்கும் பழைய மரக்குடில்கள், ஒருகாலத்தில் இத்தொழிலாளர் துயின்ற குடில்களே. அவற்றின் சுவர்களில் இன்று பயணப்பைகள் தொங்கும் ஆணிகளில், அன்று நனைந்த கையுறைகளும் காலணிகளும் தொங்கின.

வடக்கே லாப்லாந்தின் கதை சற்று வேறானது. அங்கே வட துருவப் பெருங்கடலின் கரைக்குச் செல்லும் நெடுவழிகள் இருந்தன. வணிகரும் மீனவரும் அரச ஊழியரும் குருமாரும் பனிச்சறுக்குக் கட்டைகளிலும் துருவமான் இழுத்த வண்டிகளிலும் அவ்வழியே சென்றனர். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பல நாள் தொலைவு. வழியில் தங்கிடம் இன்றேல் பனிப்புயலில் அகப்பட்டவன் மடிவான். எனவே அத்தகைய வழிகளின் இடையிடையே ஆளில்லாக் குடில்கள் எழுந்தன. இவை 'அவுத்தியோத்துப்பா', அதாவது வெறுமையாய்க் கிடக்கும் குடில், எனப் பெயர்பெற்றன. நான்கு சுவரும் கூரையும் அடுப்பும் உறங்குமேடையும் கொண்டமையால் லாவுவைவிட இவை ஒருபடி மேலானவை. துருவமான் மேய்ப்போரும் மீனவரும் எல்லைக் காவலரும் அமைத்த குடில்களும் காலப்போக்கில் இவ்வரிசையிற் சேர்ந்தன. 1868இல் இவாலோ ஆற்றங்கரையிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. 1870இல் பொன் தேடுவோர் திரண்டு வந்தபோது அங்கே குல்த்தலா என்னுமிடத்தில் அரசின் காவல்நிலையம் ஒன்று கட்டப்பட்டது. அப்பொன் வேட்டையின் கட்டடங்களுட் சிலவும் இன்று நடைப்பயணிகளுக்கு நிழல் தருகின்றன.

இக்குடில்களைக் குறித்து எழுதப்படாத சட்டம் ஒன்று வழங்கி வருகிறது. குடில் நிறைந்திருக்கும்போது புதிதாக ஒருவன் வந்தால், இடம் பெறும் முதலுரிமை யாருக்கு? முந்தி வந்தவனுக்கு என்று நாம் எண்ணக்கூடும். பேருந்திலும் படமாளிகையிலும் அதுவே முறை. பின்லாந்துக் காட்டிலோ முறை தலைகீழானது. இறுதியாக வந்தவனுக்கே முதலுரிமை. முந்தி வந்தவர் எழுந்து, தம் மூட்டையைக் கட்டிக்கொண்டு, அவனுக்கு இடமளித்தல் வேண்டும்.

இது வெறும் உபசாரம் என்று கருதுதல் தவறு. இதன் பின்னே கடுங்குளிர் கற்பித்த கணக்கு ஒன்று இருக்கிறது. முந்தி வந்தவன் உடல் காய்ந்திருக்கிறான், உண்டிருக்கிறான், சிறிதேனும் உறங்கியிருக்கிறான். அவன் மேலே நடக்கவோ வெளியே கூடாரமிடவோ வல்லவன். இப்போது கதவைத் திறப்பவனோ நனைந்து, களைத்து, விரல் விறைத்து வந்திருக்கிறான். இருவருள் ஒருவர் வெளியே செல்லவேண்டுமாயின், சென்றும் பிழைக்கக்கூடியவனே செல்லவேண்டும். இம்முறை இல்லாதிருந்தால், நள்ளிரவில் குடிலை அடையும் ஒவ்வொருவனும் உள்ளிருப்போரின் இரக்கத்தை நம்பியே கதவைத் தட்ட நேர்ந்திருக்கும். முறை இருப்பதனால் அவன் இரக்க வேண்டியதில்லை. உயிர் காக்கும் உதவியைப் பிச்சையாக அன்றி உரிமையாகப் பெறுகிறான்.

இதனோடு இணைந்த மற்றொரு வழக்கம் விறகைப் பற்றியது. குடிலிலோ லாவுவிலோ தங்கியவன், தான் எரித்த அளவுக்கு விறகு பிளந்து வைத்துவிட்டே செல்லவேண்டும். அடுப்பின் அருகே மெல்லிய சீவல்களும், எளிதிற் பற்றும் பேர்ச் மரப்பட்டையும் ஆயத்தமாக இருக்கவேண்டும். ஏனெனில் அடுத்து வருபவனின் விரல்கள் கோடரி பிடிக்கவும் இயலாதபடி விறைத்திருக்கலாம். அவனிடம் ஒரே தீக்குச்சி எஞ்சியிருக்கலாம். அந்த ஒரு குச்சியில் நெருப்புப் பற்றவேண்டும். முன்னவன் பின்னவனைக் காணப்போவதில்லை. பின்னவன் முன்னவனுக்கு நன்றி கூறப்போவதுமில்லை. ஆயினும் முன்னவன் வைத்துச் சென்ற ஒரு பிடி மரச்சீவல் பின்னவனின் உயிராகக் கூடும்.

குடில்களில் வருகைப் புத்தகம் ஒன்றும் இருக்கும். வந்தவர் தம் பெயரையும் வந்த நாளையும் மேற்செல்லும் திசையையும் அதில் எழுதுவர். வானிலையையும் கண்ட விலங்குகளையும் பற்றிச் சிலர் பத்திபத்தியாக எழுதுவதுண்டு. ஆனால் அப்புத்தகத்தின் தலையாய பயன் வேறு. ஒருவன் குறித்த நாளில் வீடு திரும்பாவிடின், தேடிச் செல்வோர் முதலில் திறந்து பார்ப்பது அதனையே. அவன் எந்தக் குடில்வரை வந்தான், எத்திசை சென்றான் என்பதை அது சொல்லிவிடும்.

இனி, இத்தங்கிடங்களுக்கும் நாட்டின் சட்டத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். பின்லாந்தில் 'யாவர்க்குமுரிய உரிமை' என வழங்கும் மரபுரிமை ஒன்று உண்டு. நிலம் அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், உடையவரின் அனுமதி கேளாமலே எவரும் அதில் நடக்கலாம். பனிச்சறுக்குக் கட்டையில் செல்லலாம். காட்டுப் பழங்களும் காளானும் பறிக்கலாம். வீடுகளுக்கு அணித்தல்லாத இடத்தில் ஓரிரு நாள் கூடாரமிடலாம். பயிர் விளையும் நிலமும் வீட்டு முற்றமும் மட்டும் விலக்கு. இவ்வுரிமை ஒரே சட்டநூலில் எழுதப்பட்டதன்று. நெடுங்கால வழக்கமும் பல்வேறு சட்டங்களின் விதிகளும் சேர்ந்து உருவாக்கியது. குற்றவியற் சட்டமே, பிறர் நிலத்தில் காட்டுப் பழம், காளான், பூ, தரையில் விழுந்த காய்ந்த சுள்ளி ஆகியவற்றை எடுத்தல் குற்றமாகாது என்று விதந்து கூறுகிறது.

இத்துணை தாராளமான உரிமை ஒரு பொருளை மட்டும் உள்ளடக்கவில்லை. அது நெருப்பு. பிறர் நிலத்தில், உடையவரின் அனுமதியின்றித் திறந்தவெளியில் தீ மூட்டுதல் கூடாது. நிற்கும் மரத்தை வெட்டுதலும் கிளையை ஒடித்தலும் பாசியைப் பெயர்த்தலும் கூடா. இதனை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பண்டை வேடன் கட்டிய லாவுவைச் சட்டம் இன்றைய பயணிக்கு அனுமதிப்பதில்லை. கிளை வெட்டிக் கூரை வேயவும், பட்ட பைன் மரத்தை வீழ்த்தி இரவெல்லாம் எரிக்கவும் அவனுக்கு உரிமையில்லை. நடக்கும் உரிமை அவனிடம் இருக்கிறது. கூரையும் கொள்ளியும் அவ்வுரிமைக்கு வெளியே நிற்கின்றன. வழியோரத்து இலவச லாவு இந்த இடைவெளியையே நிரப்புகிறது. அங்கே நிலமுடையவரின் அனுமதி முன்னரே பெறப்பட்டுள்ளது. கல் அடுக்கிய நெருப்பிடம் உண்டு. விறகுக் கொட்டிலும் உண்டு. ஒருவர் பெற்ற அனுமதியை ஊரார் அனைவரும் பயன்படுத்துகின்றனர்.

வேடனும் கூலியாளும் கட்டிய தங்கிடம் நகரமாந்தரின் கைக்கு வந்த வரலாறு தனியே கூறத்தக்கது. 1880இல், வட துருவக் கடற்பயணத்தாற் புகழ்பெற்ற அடோல்ப் எரிக் நோர்டன்ஸ்கியோல்ட், வடபுல நாடுகளின் இயற்கையை வருங்காலத்துக்குக் காக்கத் தேசியப் பூங்காக்கள் வேண்டும் என்று எழுதினார். 1887இல் பின்லாந்துச் சுற்றுலாச் சங்கம் தோன்றியது. தம் நாட்டைத் தாமே கண்டறிதல் நாட்டுப்பற்றின் பகுதி என்று கற்றோர் கருதிய காலம் அது. 1917இல் நாடு விடுதலை பெற்றபின் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. 1930களில் லாப்லாந்தின் மேற்கே ஹெத்தாவிலிருந்து பல்லாஸ் குன்றுகள்வரை 50 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நெடுநடைப் பாதை அடையாளமிடப்பட்டது. 1938இல் பல்லாஸ்-ஓனாஸ் குன்றுகளும் பூஹா குன்றும் தேசியப் பூங்காக்களாயின. அடுத்த ஆண்டில் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுமுறைக்குச் சட்டம் வந்தது. தொழிலாளியும் காட்டைக் களிப்புக்காகக் காணும் காலம் அண்மித்தது.

ஆனால் அதே ஆண்டின் இறுதியில் போர் மூண்டது. 1939ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1940ஆம் ஆண்டு மார்ச்சு வரை நடந்த குளிர்காலப் போரிலும், பின்வந்த போரிலும், நாடெங்குமிருந்து படைக்கு அழைக்கப்பட்டோர் உறைபனிக் காட்டில் நாட்களைக் கழித்தனர். காட்டில் உறங்கும் கலை அவர்களுக்கு உயிர்காக்கும் கலையாயிற்று. 1944ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லாப்லாந்திலிருந்து பின்வாங்கிய ஜெர்மன் படை, ஊர்களையும் பாலங்களையும் தீக்கிரையாக்கியது. ரொவனியேமி நகரம் பெரும்பாலும் சாம்பலாயிற்று. 1938இல் திறக்கப்பட்ட பல்லாஸ் விடுதியும் தகர்க்கப்பட்டது. கூரையின் அருமையை அக்குளிர்காலத்தில் லாப்லாந்து மக்கள் அறிந்ததுபோல் வேறெக்காலத்திலும் அறிந்திருக்க மாட்டார்கள்.

போர் ஓய்ந்தபின் நாடு மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. 1954இல் குவுசாமோ, சல்லா வட்டாரங்களின் ஊடாக 'கரடி வட்டம்' என்னும் பாதை திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் 82 கிலோமீற்றர். 1956இல் ஔலங்கா, லெம்மென்யொக்கி உள்ளிட்ட புதிய தேசியப் பூங்காக்கள் பல தோன்றின. 1960களிலும் 1970களிலும் நாட்டுப்புறத்து இளைஞர் தெற்கு நகரங்களுக்கும் சுவீடனின் ஆலைகளுக்கும் பெருந்தொகையாகக் குடிபெயர்ந்தனர். தந்தை மரம் வெட்டிய காட்டுக்கு மகன் விடுமுறைப் பயணியாகத் திரும்பி வந்தான். 1973ஆம் ஆண்டின் வெளிக்களச் சட்டம் நடைப்பாதைகளுக்கும் அரச நடைப்பயணப் பகுதிகளுக்கும் சட்ட அடிப்படை தந்தது. 1983இல், பனிச்சறுக்குப் பயணத்திற் பேரார்வங் கொண்டிருந்த முன்னாள் சனாதிபதி உர்ஹோ கெக்கோனனின் பெயரால் கிழக்கு லாப்லாந்தில் பெரும் பூங்கா ஒன்று அமைந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லாப்லாந்தின் 12 பரப்புகள் வனாந்தரப் பகுதிகளாயின. அதே ஆண்டில் கெமி ஆற்றில் மரம் மிதக்கவிடும் தொழில் முடிவுக்கு வந்தது. மரம் ஓட்டியோர் கரையேறிய அதே காலத்தில், அவர்தம் தங்கிடங்கள் பயணிகளின் உடைமையாயின.

இன்றைய லாவு கிளையால் வேய்ந்ததன்று. பருத்த மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சுவரும், பலகையாற் சரிந்த கூரையும், தரையிலிருந்து உயர்ந்த உறங்குமேடையும் அமைத்திருப்பர். அருகே விறகுக் கொட்டிலும், சற்றுத் தள்ளிக் கழிப்பிடமும் இருக்கும். இவற்றுட் பலவற்றை முன்னே குறித்த மெத்ஸாஹல்லித்துஸ் நிருவாகமே பேணுகிறது. நகர, கிராம ஆட்சிமன்றங்களும் வேட்டைச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கட்டியவையும் உண்டு. தலைநகராகிய ஹெல்சிங்கியின் அருகே 1994இல் அமைந்த நூக்சியோ பூங்கா முதல் வட எல்லைவரை இலவசத் தங்கிடங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இலவசம் என்பது பயணிக்கு மட்டுமே. விறகைப் பிளந்து, பனியில் இழுத்துச் சென்று, கொட்டிலில் அடுக்குவதற்கு ஆகும் செலவைப் பொதுமக்களின் வரிப்பணம் ஏற்கிறது.

தங்குவோருக்குரிய ஒழுங்கும் எளியது. திறந்த குடிலில் ஓரிரவு, மிஞ்சினால் இரண்டிரவு தங்கலாம். பெருங்கூட்டமாக வருவோர் தம் கூடாரத்தைத் தாமே கொண்டுவர வேண்டும். வணிகச் சுற்றுலாக் குழுக்களுக்கு இவை உரியன அல்ல. லாவுவின் உள்ளே கூடாரமிட்டு இடத்தை அடைத்துக்கொள்ளுதல் கூடாது. நெருப்பைச் சூழ எல்லோருக்கும் இடமிருக்கவேண்டும். கொண்டுவந்த குப்பையைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். காட்டுத்தீ எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாட்களில் திறந்த நெருப்பு முற்றாக விலக்கு. கோடையின் வறட்சியில் ஒரு பொறி பல தலைமுறைக் காட்டை விழுங்கிவிடும் என்பதை அந்நாட்டவர் மறப்பதில்லை.

ஆயினும் இவ்வமைப்பு இன்று சோதனைக்குள்ளாகி நிற்கிறது. 2020இல் நோய்த்தொற்றினால் வெளிநாட்டுப் பயணம் தடைப்பட்டபோது நகரமக்கள் காடுகளை நோக்கித் திரண்டனர். அவ்வாண்டில் தேசியப் பூங்காக்களுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் வருகைகள் பதிவாயின. நகருக்கு அண்மையிலுள்ள லாவுகளில் விறகு வந்த வேகத்திலேயே தீர்ந்தது. சிலர் அருகில் நின்ற மரங்களை வெட்டினர். சிலர் குப்பையை விட்டுச் சென்றனர். நூறாண்டு நின்ற சாம்பல்நிறப் பைன் மரம் பறவைக்கும் பூச்சிக்கும் உறைவிடம். அதனை ஒரு மாலைநேரத்துக் குளிர்காய்தலுக்காக வீழ்த்துவோருக்கு அது வெறும் விறகு. இதற்கிடையே அரசின் நிதியும் சுருங்கியது. பழுதுற்ற கட்டடங்கள் எல்லாவற்றையும் பேண இயலாமையால், சிலவற்றை அகற்றவும் சில இடங்களில் விறகு வழங்கலைக் குறைக்கவும் நிருவாகத்துக்கு நேர்ந்துள்ளது.

கட்டணம் வாங்கினால் என்ன, பூட்டிச் சாவி கொடுத்தால் என்ன என்று கேட்போர் உண்டு. அத்தகைய குடில்களும் அங்கே இல்லாமலில்லை. முன்பதிவு செய்து, பணஞ்செலுத்தி, சாவி பெற்றுத் தங்கும் குடில்கள் பலவிடங்களிலும் இருக்கின்றன. வசதியும் அவற்றில் மிகுதி. ஆனால் எல்லாத் தங்கிடங்களும் அவ்வாறு மாறினால் இழப்பு யாது என்பதை ஆராய்தல் வேண்டும். பணஞ்செலுத்தி இடம் பதிந்தவனுக்கு அவ்விடம் உடைமையாகிறது. நள்ளிரவில் வருபவன் அங்கே அயலானாகிறான். இறுதியாக வந்தவனுக்கே முதலுரிமை என்ற பழைய முறையும், பதிந்தவனுக்கே உரிமை என்ற புதிய முறையும் ஒரே கூரையின் கீழ் வாழ இயலா. பூட்டு வந்தால் வழிதவறியவனுக்குக் கதவு அடைபடும். பின்வருவோனுக்காகச் சீவல் சீவி வைக்கும் பழக்கமும் மெல்ல மறையும். விறகின் விலையைக் கொடுத்தவன், அடுத்தவனுக்காக விறகு பிளக்க மாட்டான்.

திறந்த தங்கிடமோ தன்னைப் பயன்படுத்துவோரையே தன் காவலராக்குகிறது. அங்கே மேற்பார்வையாளன் இல்லை; அபராதம் விதிப்போன் அருகில் இல்லை. எரித்த விறகுக்கு ஈடாக விறகு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவன் அடுத்து வரும் பயணி ஒருவனே. அவன் எண்ணும்போது முன்னவன் வெகுதூரம் சென்றிருப்பான். காணாத ஒருவனுக்குக் கடமைப்பட்டு, காணாத இன்னொருவனுக்கு அக்கடனைத் தீர்க்கும் இவ்வொழுங்கு, வேடர் காலத்தில் தேவையாற் பிறந்தது. கூலியாளர் காலத்தில் துன்பத்தால் உரம்பெற்றது. விடுமுறைப் பயணிகள் காலத்தில் மனமுவந்து காத்தாலன்றி நில்லாது. குளிர் கற்பித்த பாடத்தைக் குளிர் தாக்காத ஆடை அணிந்து வருவோரும் கற்பரோ என்பதே இன்றைய வினா.

அதற்கு விடை அரசாங்கத் தாள்களிற் கிடைக்காது. இன்றிரவு லாப்லாந்தின் ஏதோ ஒரு குடிலிலிருந்து புறப்படுபவன், தரையைக் கூட்டி, நெருப்பை அவித்து, அடுப்பருகே ஒரு பிடி மரச்சீவலும் பேர்ச்பட்டையும் வைத்துக் கதவைச் சாத்துகிறானா என்பதிலேதான் அது இருக்கிறது.